செவலையின் வயிற்றில் கரு வைத்த சம்பந்தம் டாக்டர்

என் மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேத்திக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் வில்லியனூரிலேயே முதல் பரிசு. அன்று காலை பால் சொசைட்டி வரிசையில் நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் அளக்கும் கோவிந்தன் குவளையைக் கையில் பிடித்தபடியே, "ஆயா, மாட்டு டாக்டர் சம்பந்தம் போயிட்டாராம். காரைக்கால்லேர்ந்து சேதி" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. "சொசைட்டி பிரசிடெண்டுக்குச் சொல்லிட்டியாடா? மாலை வாங்க ஆள் அனுப்பணுமே அவரு" என்றுதான் வாயில் வந்தது.

அப்படியே நடந்தது. ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது சொசைட்டி வாசலில் பந்தல், மைக்செட். "என் மாட்டுக்குக் கரு வைத்த பொற்கரம்" என்று பிரசிடெண்ட் குரல் தழுதழுக்கச் சொன்னார். பச்சைப் பொய். எழுந்து வந்துவிட்டேன். அஞ்சாவது வரை படித்தவளுக்கு மைக்கில் பேச வராது. எழுத வரும். டாக்டரை அறிந்தவர்கள் இதைப் படியுங்கள்.

அவர் இனிக்கப் பேசுகிற மனிதர் இல்லை. நான் முதன்முதலில் என் பசு செவலையை அவரிடம் ஓட்டிக்கொண்டு போனபோது, சினை ஊசி எத்தனையோ தடவை போட்டும் அதற்குச் சினை நிற்காமல் இருந்தது. அவர் ஊசியைத் தொடவில்லை. கொஞ்சம் பாலைக் கறந்து, கண்ணாடிக் குழாயில் ஏதோ பொடியோடு கலந்தார். பால் கத்தரிப்பூ நிறமாக மாறிற்று.

"ஆயா, இதுக்கு இன்னா தீனி போடுற?"

"வைக்கோல் போடறேன் தம்பி. தவுடு இருந்தா தவுடு."

"கறக்குறது மட்டும் ஒட்டக் கறக்குற! தன் ஒடம்புக் கொழுப்ப உருக்கி உனக்குப் பாலா ஊத்துது இது. நீயும் புள்ள பெத்தவதானே? ஒடம்பு பஞ்சத்துல இருந்தா மொதல்ல கருவத்தான் பட்டினி போடும்."

கோபமாகத்தான் சொன்னார். பிறகு மாட்டின் வாயருகே என்னைக் குனியச் சொன்னார். கனிந்து அழுகப்போகும் பழம்போல ஒரு வாடை. "பசி வாடை இது. இது போற வரைக்கும் ஊசின்னு இங்க வராத" என்றார். புண்ணாக்கும் வெல்லமும் கொடுத்துத் தேற்றினேன். அடுத்த தடவை பால் நிறம் மாறவில்லை. அன்று போட்ட ஊசியிலேயே சினை நின்றது. அதற்குப் பிறகு அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

பின்னால் உயர்ந்த சாதி மாட்டின் கருவை எடுத்து வேறு மாட்டின் வயிற்றில் வைக்கும் வித்தை வந்தது. எங்கள் ஊருக்கென்று ஒரே ஒரு கரு வருவதாகச் சொன்னார்கள். அதைத் தன் மகாராணிதான் சுமக்க வேண்டும் என்று பிரசிடெண்ட் பிடிவாதம் பிடித்தார். மகாராணி என்றால் அவர் வீட்டுக் கறவை மாடு. அது சுமந்தால் அதன் பால் வளம் கன்றுக்கும் வருமாம். டாக்டர் சிரித்தேவிட்டார். "அது வாடகை வூடுங்க. வூட்டு அழகு குடித்தனக்காரன் மொகத்துல வருமா?"

அவர் பொறுக்கிய சில மாடுகளுக்கும் மகாராணிக்கும் பருவம் ஒத்துவர முன்கூட்டியே ஊசி போட்டார்கள். என் செவலையும் அதில் ஒன்று. கரு வைக்கும் விழா நாளில் மகாராணிக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் ரோஜா மாலை. வயிறு மட்டும் ஒட்டிக்கிடந்தது. சிறப்பு விருந்தினர் முன்னால் சாணி போட்டுவிடக் கூடாது என்று முந்தின நாளிலிருந்தே அதற்குத் தீனி காட்டவில்லை! வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு மாலை போட்ட அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

டாக்டர் பாலைச் சோதித்தார். கத்தரிப்பூ நிறம். "இதுல வச்சா கரு வீணாப்பூடும். நான் வைக்கமாட்டேன்" என்றார்.

டவுனிலிருந்து வந்த மேலதிகாரி அவர் காதருகே, "ஃபோட்டோகிராபர் நிக்கிறாரு. பேசாம வையுங்க. இல்லன்னா காரைக்காலுக்கு மூட்டை கட்டுங்க" என்றார்.

"கட்டிக்கிறேன் சார். நீங்க ஃபோட்டோவ அதுகிட்ட எடுங்க. கருவ நான் இதுல வைக்கிறேன்" என்று டாக்டர் செவலையைக் காட்டினார்.

கொட்டகைக்குப் பின்னால், கைத்தட்டல் இல்லாமல், செவலையின் வயிற்றில் கரு போய்ச் சேர்ந்தது. முன்பக்கம் மேலதிகாரி வெறும் ஊசிக் குழாயைப் பிடித்துக்கொண்டு மகாராணியோடு சிரித்து நின்றார்.

கரு நின்றது. செந்நிறச் செவலை, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. மறுநாளே பிரசிடெண்டின் மச்சான் வந்து நின்றான். "ஆயா, கன்ன ஓட்டிகினு வா. மகாராணி பக்கத்துல நிக்கவச்சி ஒரு ஃபோட்டோ."

"பேறுகாலத்துல எட்டிப் பாக்காதவ, ஃபோட்டோவுக்கு மட்டும் தாயா வருவாளாடா?" என்று விரட்டிவிட்டேன். எங்கிருந்தோ வேறொரு கன்றைப் பிடித்து வந்து மகாராணியோடு நிறுத்திப் படம் எடுத்துச் சொசைட்டிச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். டாக்டருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. போகுமுன் கன்றைத் தடவிக்கொடுத்துவிட்டு, "எந்த மாடு மேடையில நின்னா இன்னா ஆயா? கரு நின்னுச்சில்ல" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பொய்ப் படத்தையே வைத்து, அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். செத்த மனிதரையும் சாட்சிக்கு இழுக்கிற வேலை இது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, மாட்டின் மூச்சை முகர்ந்துபார்த்த பிறகே ஊசிக்கு ஓட்டுகிற பழக்கம். இன்று எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அந்த மூக்கு இருக்கிறது.

சொசைட்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் படத்தைக் கழற்றுங்கள். செவலை என் கொட்டகையில்தான் நிற்கிறது. அந்தக் கிடாரி வளர்ந்து, இப்போது அதுவே சினை. இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். நீங்கள் சுவரில் மாட்டாவிட்டாலும் போகிறது. காரைக்காலில் டாக்டர் வீட்டம்மா இருக்கிறார். தன் புருஷன் எந்தக் கன்றுக்காக ஊர் மாற்றப்பட்டாரோ, அதை அந்த அம்மா கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் புதுப் படத்தைத் தபாலில் அனுப்பிவையுங்கள்.