கவிழ்ந்திருக்கும் செப்புக் குடம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டில் ஒரு சிறிய செப்புக் குடம் நான்கு ஆண்டுகளாகக் கவிழ்ந்தே இருக்கிறது. வருகிறவர்கள் நிமிர்த்தி வைக்கப் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை. கவிழ்த்தவர் என் மாமனார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். இரவில் அந்தக் குடத்தில் நீர் நிரப்பி வைத்துக் காலையில் குடிப்பதால்தான் எழுபத்தாறு வயதிலும் நான்கு மாடி ஏறுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

நான் வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மீன் வளர்த்தாலும் பரவாயில்லை, மருமகள் கல் வளர்க்கிறாள் என்று சொந்தக்காரரிடம் நொந்துகொண்டார். கல் என்று அவர் சொன்னது உயிருள்ள பவளத்தை. அதைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்பதால், கொட்டாஞ்சேனையில் ஒருவர் தம் தொட்டியில் வளர்த்து வெட்டித் தந்த கிளையோடுதான் தொடங்கினேன். ஏழு தலைகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சுண்ணாம்புக் கிண்ணம். விளக்குப் போட்டதும் உள்ளேயிருந்து பச்சை விரல்கள் நீண்டு ஆடும். கொழும்பு வெக்கையில் நீர் சூடாகாமலிருக்கக் குளிரூட்டும் பெட்டியும் வாங்கினேன். "கல்லுக்கு ஏசி, எனக்கு ஃபேன்" என்று மாமா ஒரு மாதம் முணுமுணுத்தார்.

ஆனாலும் நான் வங்கி வேலைக்குப் புறப்பட்டதும் அவர் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார் என்பதைத் தரையிலிருந்த கீறல்கள் காட்டிக்கொடுத்தன. பிறகு அவராகவே ஒரு வேலை கேட்டு வாங்கினார். தொட்டியில் நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வடிகட்டிய நீரை ஊற்ற வேண்டும். அதைக் கேனில் நிரப்பி வைத்துவிட்டுப் போவேன்; வேலை நாட்களில் அவர் ஊற்றுவார்.

இரண்டு மாதங்களில் பச்சை விரல்கள் சுருங்கின. ஒவ்வொரு தலையாக வெளிறி வெறும் எலும்பானது. விளக்கை மாற்றினேன், உப்பை மாற்றினேன், கொட்டாஞ்சேனைக்காரரைத் தொலைபேசியில் நச்சரித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆறு போய் ஒன்று மிஞ்சியிருந்தபோது முழுமதி நாளான போயா விடுமுறை வந்தது. அன்று காலை மாமா அந்தச் செப்புக் குடத்தை இரு கைகளாலும் ஏந்தி வந்து தொட்டியில் சரிப்பதைக் கண்டேன். நான் வைத்த நீர்தான். தமக்கு நல்லது அதற்கும் நல்லது என்று ஓர் இரவு குடத்தில் வைத்திருந்து ஊற்றியிருக்கிறார், இத்தனை நாளும்.

"மாமா, செப்பு இதுகளுக்கு நஞ்சு."

என் குரல் கடுமையாகத்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் குடத்தைக் கொண்டுபோய்த் தட்டில் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அதில் அவர் குடிக்கவுமில்லை.

மறுநாள் மனம் விட்டுப்போய், கிளையை எறிந்துவிட எடுத்தேன். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"இன்னும் ஒண்டு இருக்குப் பிள்ளை. எறியாதை. நான் செய்ததை நான்தான் பார்க்கோணும்."

பார்த்தார். ஆறு வாரம் நாள் தவறாமல் பழைய நீரை இறைத்து, உப்புக் கரைத்த புதுநீரை வாளியில் சுமந்தார். வேட்டியெல்லாம் உப்புப் பூத்தது. ஒருநாள் வங்கிக்கே அழைத்து, தொலைபேசியை எடுத்த சக ஊழியரிடம் "கல்லுக்குப் பிள்ளை பிறந்திருக்கு எண்டு மருமகளிட்டச் சொல்லுங்கோ" என்றிருக்கிறார். வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். மிஞ்சிய தலையின் அடியில் கடுகளவில் இரண்டு பச்சைப் புள்ளிகள். இருவரும் சிரித்தோம், எனக்கு அழுகையும் வந்தது.

மாமா இப்போது டொரொண்டோவில் மகளோடு இருக்கிறார். தொட்டியில் இருபத்து மூன்று தலைகள். போன மாதம் கொட்டாஞ்சேனைக்காரர் வந்தார். அவர் ஊரில் இல்லாத வாரத்தில் மோட்டார் நின்று அவருடைய தொட்டி முழுவதும் அழிந்துவிட்டதாம். அவர் தந்த கிளையின் வழிவந்த கிளையொன்றை அவருக்கே வெட்டிக் கொடுத்தேன்.

அன்று மாலை மாமாவுக்கு வீடியோவில் அதைச் சொன்னேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கேட்டு முடித்ததும் குடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன், கவிழ்ந்தபடியே இருந்தது.

"ஓம், அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி, கண்ணாடிக் கிளாஸில் இருந்த தண்ணீரை எனக்கு உயர்த்திக் காட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.