சந்தனம் வைத்த டி.வி. கேம்

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேக்காட்டில் வீடு. வேலை விட்டு வந்தால் டி.வி. கேம்தான். ஒருநாள் என் மனைவி ஜாய்ஸ்டிக்கைக் கேட்டாள். "உனக்கு வராது, உடு" என்றேன்.

மூன்று மாதமாக எட்டாத கடைசிக் கட்டத்தை ஆயுத பூஜையன்று காலையில்தான் எட்டினேன். பட்டறைப் பூஜைக்கு நேரமாகிவிட்டது. கேம் பெட்டியை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். அதனால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் பொரிப் பொட்டலத்தோடு திரும்பினால், கேம் பெட்டியின் மேல் சந்தனம், குங்குமம். மிஷினை அணைத்துவிட்டுத்தானே பொட்டு வைப்பார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"யாரைக் கேட்டு அணைச்ச?" பொட்டலத்தை வீசினேன். வீடெல்லாம் பொரி.

அவள் டி.வி.யைப் போட்டாள். திரையில் கடைசிக் கட்டத்து அரக்கன் செத்துக் கிடந்தான். வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது.

"யாரு ஆடுனது?"

"பாதி வேலைல கீற மிஷினுக்குப் பொட்டு வெக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ? அதான் முடிச்சிட்டு வெச்சேன்."

"நீயா?"

"நீ வேலைக்குப் போனா ஆடுவேன். இதோட நாலு வாட்டி முடிச்சிட்டேன்."

இன்னொரு முறை ஆடிக் காட்டச் சொன்னேன். பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக் கூடாது என்றாள். நான் குனிந்து பொரியைப் பொறுக்கினேன்.

அந்த ஆட்டத்தை நான் ஒரே ஒருமுறைதான் முடித்தேன். எங்கே குதிக்க வேண்டும் என்று அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். எத்தனையோ தடவை விழுந்தேன். உனக்கு வராது என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.