அணைக்காத சுவிட்ச்

ரம்ப மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது வைகாசியில், ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு. டைரியில் இருக்கிறது. இடம் பார்த்தது நான். கொல்லைக் கடைசியில் பழைய மோட்டார் கொட்டகை. ஒரு பாதியில் போர் மோட்டார், மறு பாதியில் காலிச் சாக்குகள். சாக்குகளை வெளியே தள்ளி, வீட்டு மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, இரும்பு மேசையின் நான்கு காலையும் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினோம்.

நானும் என் மனைவியும்தான். அவள் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஓய்வு பெற்றவன். என் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அலமாரி செய்வதற்காக, இடித்த வீடு ஒன்றின் தேக்குக் கதவுகளை வாங்கி வைத்திருந்தோம். வருகிறேன் என்ற ஆசாரி மூன்று முறை வரவில்லை. "நாமளே அறுத்துக்கலாங்க" என்றவள் அவள்தான்.

மிஷின் என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. பலகை ஒட்டி ஓடுவதற்கு மேசைமேல் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அது பிளேடுக்கு நேராக இருக்கிறதா என்று பிளேடின் முன்பல்லில் ஓர் அளவும் பின்பல்லில் ஓர் அளவும் எடுப்பாள். அரை மில்லிமீட்டர் மாறினாலும் தளர்த்திவிட்டு மறுபடி வைப்பாள்.

"போதும் விடு. உன் கிளாஸ் பசங்க பாவம்."

"பசங்க தேவலைங்க. ஒரு தடவை சொன்னா கேட்டுக்குவாங்க. தடுப்பு பின்னாடி நெருக்கிச்சுன்னா பலகை பிளேடைக் கவ்வும். கவ்வுச்சுன்னா நம்ம மேலயே எறியும்."

மழைக்காற்றில் மேசை துருப்பிடிக்காமல் இருக்க ஞாயிறுதோறும் மெழுகுவத்தி தேய்த்துத் துடைத்தாள். கதவுப் பலகையில் ஆணி மிச்சமிருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்தாள். கடைசி ஒரு சாணுக்குக் கை போகக்கூடாது என்று தள்ளுகோல் ஒன்று செய்து வைத்தாள். சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். முதல் வரி: பிளேடுக்குப் பக்கத்தில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கு.

ஆடியில் ஒரு சனிக்கிழமை. அவள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் தனியாக ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வயலுக்கு வயல் மோட்டார் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கி பிளேடின் சத்தம் முனகலாக இருந்தது. பாதியில் கரண்டே போயிற்று. பலகையை அப்படியே விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க ரோட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் மோட்டார் சுவிட்சை யாரும் அணைக்க மாட்டோம். அணைத்தால் திரும்ப வரும்போது யார் ஓடிப்போய்ப் போடுவது? வந்ததும் தானே ஓடட்டும், வயலுக்குத் தண்ணீர் பாயட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தக் கொட்டகைக்குள் முப்பது வருஷமாக என் கை அப்படித்தான் பழகியிருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நான்கு பேர் நின்றார்கள். 4.10க்குக் கரண்ட் வந்தது. "வந்துடுச்சு டோய்" என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சத்தத்தின் மேலேயே எங்கள் கொல்லையிலிருந்து அவள் குரல் கேட்டது.

நான் ஓடி வந்தபோது பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. பலகை சுவரோரம் கிடந்தது. அவள் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முந்தானையில் ரத்தம். மேசைக்கு அடியில் முழங்கால் உயரத்தில் இருந்த சுவிட்சை நான்தான் அணைத்தேன். பஸ்ஸிலிருந்து நேரே கொல்லைப்பக்கம் வந்திருக்கிறாள். கரண்ட் போனது அவளுக்குத் தெரியாது. பலகை பாதியில் சிக்கி நிற்பதைப் பார்த்து, பிளேடின் மேல்மூடியைத் தூக்கிவிட்டு இழுத்திருக்கிறாள்.

திருவையாற்றில் டாக்டர் மூன்று தையல் போட்டார். ஆள்காட்டி விரலின் நகமும் நுனிச்சதையும் கொஞ்சம் போயிருந்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் சொன்னாள். "முழங்கால் சுவிட்ச்ல பட்டிருக்குங்க. குனிஞ்சேன்ல. எழுதி ஒட்டினவளே பிளக்கைப் பிடுங்காம கை வச்சேன் பாருங்க."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைய டைரியில் எழுதியது: மாலை 4.10. மிஷின் திடீரென ஓடிவிட்டது. விரலில் காயம். மூன்று தையல்.

அடுத்த ஒன்பது நாளும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து போய்க் கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கரண்ட் போகும்போதெல்லாம் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பேன், வந்ததும் எதைப் போட்டேன் எதைப் போடவில்லை என்று மறுபடி சுற்றுவேன். புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கம். அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நான்கு பலகை அறுக்காமல் சாய்ந்து கிடந்தன. பள்ளியிலிருந்து கேட்டவர்களுக்கு, "எனக்கு நிதானம் பத்தலை டீச்சர்" என்று போனில் அவள் சொல்வது அறைக்குள் கேட்டது. நிதானம் போதவில்லையாம், அவளுக்கு.

ஒன்பதாம் நாள் அவள், "அந்த மிஷினை யாருக்காவது குடுத்துடுங்க, எனக்கு அது லாயக்கில்லை" என்றாள். தையல் பிரித்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் முழங்கால் படலை" என்றேன்.

நிமிர்ந்தாள்.

"கரண்ட் போயிருந்துது. நான் சுவிட்சைப் போட்டபடியே விட்டுட்டு ரோட்டுக்குப் போயிட்டேன். நீ கை வச்ச நேரம் கரண்ட் வந்துருச்சு."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே."

மடியில் கையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரலில், "நான் பிளக்கைப் பிடுங்கலை, அது என் தப்பு. நீங்க சுவிட்சை அணைக்கலை, அது உங்க தப்பு. இதுல கஷ்டம் ஒண்ணுமில்லை. இந்த ஒன்பது நாளு இருக்கே, அதை எங்க வச்சுப் பாக்குறதுன்னுதான் எனக்குத் தெரியலை" என்றாள்.

மறுநாள் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். கரண்ட் போனால் தானே விழுந்துவிடும், திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும், அப்படி ஒரு சுவிட்ச் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் வந்தா தானா ஓடுற சுவிட்ச் கேக்குறாங்க சார். ஓடாத சுவிட்ச் கேட்டது நீங்க ஒருத்தர்தான்." மாட்டி முடித்ததும் மிஷினை ஓடவிட்டு, மெயினை இறக்கி ஏற்றினார். பிளேடு அசையவில்லை. நான் இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. "சார், மெயின் தேஞ்சுடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டகைக்கு வந்தாள். மெயினைத் தானே இறக்கி ஏற்றிப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பல்லிலும் பின்பல்லிலும் அளந்தாள். பிறகு பிளக்கைச் சொருகினாள். நான் பலகையின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க வேண்டாம். வெளியில நில்லுங்க."

"ஒரு கை பிடிக்கிறேனே?"

"வெளியிலங்க."

வாழை மரத்தடியில் நின்றேன். உட்காரவில்லை. ரம்பம் கிளம்பியது. பலகை உள்ளே போனதும் சத்தம் கனத்தது, நடுவில் ஒரு நொடி தாழ்ந்தது. நான் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றேன். சத்தம் மறுபடி உயர்ந்து தனியாக ஓடி அடங்கியது. அவள் கூப்பிடவில்லை. அடுத்த பலகையை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. அறுக்க இன்னும் மூன்று இருந்தன.