பிறந்த இடம்: பினாங்கு

லண்டனுக்குப் போய் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவன் நான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பரீட்சையில் முதலாவதாக வந்தவன் கடற்கரைத் தெருக் கிட்டங்கியில் அரிசி மூட்டை எண்ணியே கிழவனானான் என்றால் கேட்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ரப்பர் விலை விழுந்து ஊரே சுருண்டு கிடந்த சமயம் அது. அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா கன்னியர் மடத்துக்குத் துணி தைத்துக் கொடுத்து என்னையும் தங்கையையும் காப்பாற்றி வந்தாள். கடல் தாண்டிப் படிக்க எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி இருந்தது? மிஷனில் பணம் கொடுப்பார்கள். ஆனால் சுவாமியாராகப் போகிறவனுக்குத்தான். பணக்கார மாமனார் கொடுப்பார்; அவர் மகளுக்குத் தாலி கட்டிவிட்டுக் கப்பலேற வேண்டும். அந்த வருஷம் மாமனார்களே தோட்டத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது அரசாங்க ஸ்காலர்ஷிப் ஒன்றுதான். கப்பல் சீட்டிலிருந்து கம்பளிக் கோட்டு வரைக்கும் அவர்கள் பொறுப்பு.

அதற்கு ஒரு நிபந்தனை. மனுப் போடுகிறவன் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று வெள்ளைக்காரன் நேரடியாக ஆளும் மண்ணில் பிறந்திருக்க வேண்டும். சுல்தான்களின் நாட்டில் பிறந்தவன் வெள்ளைக்காரன் கணக்கில் பிரஜை இல்லை. சுல்தான் கணக்கிலும் நாங்கள் வந்தேறிகள்தான். அது வேறு கதை.

நான் பிறந்தது பாரிட் புந்தாரில். நிபோங் திபாலைத் தாண்டி எல்லையைக் கடந்தால் வந்துவிடும் ஊர், ஆனால் பேராக், சுல்தானின் நாடு. அம்மாவின் தாய்வீடு அங்கே இருந்தது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதை எங்களவர்கள் விட்டதே இல்லை. நாற்பது நாள் கழிந்ததும் என்னைத் தூக்கி வந்து பினாங்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கோயில் சீட்டைப் பார்த்து, பிறந்த இடம் பினாங்கு என்று எழுதிக்கொண்டார்கள். பேராக்கில் பதிந்த பிறப்புச் சீட்டு அப்பாவின் பெட்டியில் செல்லரித்துக் கிடந்தது.

பிறப்புச் சீட்டு இல்லாவிட்டால் பெற்றவள் அதிகாரி முன்னால் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தால் போதும் என்றார் தலைமையாசிரியர். அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும்.

"ஒரே வார்த்தைதாம்மா. பினாங்குன்னு சொல்லிடு," என்றேன்.

"வேதத்தத் தொட்டா சொல்லணும்?"

"தொட்டுத்தான்."

அவள் தையலிலிருந்து தலை நிமிரவில்லை. நாலு நாள் கெஞ்சினேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். ஐந்தாம் நாள், "சரி, போ," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மார்க்கெட்டுக்குப் போய்ப் பெட்டி விலை கேட்டுவிட்டு வந்தேன், மடையன்.

அதிகாரி வெள்ளைக்காரர். பக்கத்தில் எங்களூர்த் தமிழர் ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. பையன் பிறந்தது எங்கே என்று கேட்டார். அம்மா பைபிளின் மேல் கையை வைத்து, "பினாங்குலதான்," என்றாள். அதிகாரி பேனாவை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் என் மனுவைப் புரட்டிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"மூத்த புள்ளன்னு போட்டிருக்கே அக்கா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்ல யாரும் வந்து அழைக்கலையா? அவ்வளவு கஷ்டமா?"

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளைப் பெற்றவள் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஏன் அழைக்காம? ஏழாம் மாசமே எங்கம்மாவும் அண்ணனும் ஏழு வகைச் சோறு கட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போனாங்க தம்பி. பாரிட் புந்தார்ல, எங்கம்மா மடியிலதான் இவன் பொறந்தான். எங்கம்மாவுக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். பாரிட் புந்தார் என்ற பெயர் அதிகாரியின் காதிலும் விழுந்திருந்தது. என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்க, இவர் சொல்ல வேண்டியதாயிற்று. பேனா மேசைக்குத் திரும்பியது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாள் என் தாய். நடுத்தெருவில் வைத்துக் கேட்டேன்: "செத்தவ மானத்துக்காக உசுரோட இருக்கிறவனக் குழியில தள்ளிட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அன்று முதல் அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் அவள் தனியாக அதே அதிகாரியிடம் போயிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து, ஸ்காலர்ஷிப் வேறொருவனுக்குப் போன பிறகு, அந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பைபிள எடுங்கன்னு அவங்களே கேட்டாங்க தம்பி. 'எங்கம்மாவுக்கு மகள அழைக்க வக்கில்ல, சோறு போட நாதியில்ல. புருஷன் வீட்லதான் பெத்தேன். நேத்து வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன்'னு அத்தன பேர் முன்னாடி சத்தியம் பண்ணாங்க. துரை கேக்கல. ரெண்டு நாள்ல ரெண்டு சத்தியமா, ஜெயிலுக்குப் போறியான்னு விரட்டிட்டாரு. நான் அந்தக் கேள்வியக் கேட்டிருக்கக் கூடாதுலா."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, சுவாமியார் கையால் அப்பம் பெற, எழுந்து போகும்போது அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பாவம் தீராதவர்கள் அதை வாங்கக் கூடாது. அடுத்த வாரமும் அப்படியே. நான்தான் முதலில் பேசினேன்.

"சுவாமியார்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கலாமேம்மா?"

"செஞ்சதுக்கு வருத்தப்பட்டாத்தானே மன்னிப்பு? எனக்கு வருத்தமில்ல. நாளைக்குக் கூப்பிட்டாலும் போயி அதத்தான் சொல்லுவேன்."

பதினோரு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காரணம் தெரியாத பெண்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கம், வீம்பு, எந்தப் பெயர் வைத்தாலும் சரி, கேட்கவில்லை.

அவள் சாகக் கிடந்தபோது சுவாமியாரை அழைத்து வந்தேன். அவர் குனிந்து, எல்லாப் பாவங்களுக்கும் வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டார். அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அவர் மறுபடியும் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. காலடியில் மண்டியிட்டு, "வருத்தம்னு சொல்லிடும்மா. ஒரே வார்த்தைதான்," என்றேன்.

அவள் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மறுபடியும் பொய் சொல்லச் சொல்றியா, தம்பி?"

சுவாமியார் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் வெளியே வந்தபோது, அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.