மலை என்று நம்பி மணலைச் சுற்றினேன்

போன மார்கழியில் கணவரோடு ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போயிருந்தேன். அந்தக் காலத்து வணிகர்கள் போன தடத்திலேயே ஒட்டகத்தில் கூட்டிப்போனார்கள்.

காலையில் எல்லோரும் டீ குடிக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் பக்கத்து மணல்மேட்டைச் சுற்றிவரக் கிளம்பினேன். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற திருவண்ணாமலைக்காரி நான். மேட்டை வலது கைப்பக்கம் வைத்து நடந்தால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம் என்ற தைரியம்.

வரவில்லை. அந்த மேடு அடுத்த மேட்டோடு சேர்ந்து நீண்டுகொண்டே போனது. திரும்பினால், என் கால்தடத்தைக் காற்று அழித்திருந்தது. யாரோ கூடவே நடக்கிற சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. "என்னங்க!" என்று கத்தினேன்.

வெயில் ஏறின பிறகுதான் ஒட்டகக்காரரும் கணவரும் தேடி வந்தார்கள். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு ஒட்டகக்காரர் சிரிக்கவில்லை. அவர் இந்தியில் சொன்னதைக் கணவர்தான் எனக்குச் சொன்னார்: "உங்க மலை நிக்கும், எங்க மேடு நடக்கும்னு சொல்றாரு."

இப்போதெல்லாம் வெளியூரில் சொல்லாமல் ஓர் அடி நகர்வதில்லை. அதோடு, தினமும் விடிந்ததும் வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து, மலை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.