காதுக்காரர் வாங்கிய அயனிப் பெட்டி

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குக் காதுதான் உத்தியோகம். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அவர் கை காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோண்டலாம். எல்லோரும் காதுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அந்தப் பெயரோடு இருந்தவர் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா?

கூடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர். சுவரோடு ஒட்டி, இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். எந்தப் பாட்டைப் போட்டாலும் தாளம் தொம் தொம்மென்று இடிக்கிறது, குரல் அமுங்கிப்போகிறது என்று புலம்புவார். காற்றில் எதிர்மின் அயனிகள் கூடினால் ஒலி துலங்கும் என்று எதிலோ படித்ததும், அவற்றைக் காற்றில் விடும் ஓர் அயனிப் பெட்டியை வாங்கிவந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே வைத்தார். செங்கல் அளவு. சத்தமே வராது, ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும்.

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று தினமும் மனைவியைக் கேட்டார்.

"நல்லாத் தெரியுது. சுவரெல்லாம் கறுத்துப்போச்சு."

பொய்யில்லை. காற்றில் திரிந்த தூசியை எல்லாம் அந்தப் பெட்டி சுவரில் கொண்டுபோய் அப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்தவர் பாட்டைப் போட்டார். அடுத்த நொடி துள்ளி எழுந்தார். இடி இல்லை. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "அயனி வேலையைக் காட்டிடுச்சு!" என்று எதிர்த் தெருவிலிருந்த மைத்துனனைக் கையோடு இழுத்துவந்தார். மைத்துனன் எலெக்ட்ரீஷியன்; லேசில் எதையும் நம்பமாட்டான்.

"அத்தான், நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் பெட்டியைப் போட்டு அணைக்கிறேன். எப்போ ஓடுது, எப்போ ஓடலைன்னு சொல்லுங்க."

பத்து முறை நடந்தது. காதுக்காரர் நான்குதான் சரியாகச் சொன்னார்.

"அணைச்சாலும் அயனி உடனே போயிடாதுப்பா. காத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்," என்றார், நெற்றியைத் துடைத்தபடி.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சுவரைத் துடைக்கணும்னு காலையில ரெண்டு ஸ்பீக்கரையும் முன்னாடி இழுத்துப் போட்டேன். திரும்பத் தள்ளி வைக்க மறந்துட்டேன். நீங்களும் கவனிக்கலையா?"

மைத்துனன் ஸ்பீக்கர்களைச் சுவரோடு தள்ளினான். தொம் தொம். இரண்டடி முன்னால் இழுத்தான். குரல் பளிச்சென்று வந்தது.

காதுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு மெல்ல, "காது சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அவசரப்பட்டு அந்தப் பெட்டிக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்துட்டேன்," என்றார். மனைவி சிரித்தாள். வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். இடம் மாறினால் ஒலி மாறும் என்று தெரிந்துவிட்டதே! மறுநாள் சோபா வாசலை மறித்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் அலமாரி அடுக்களைக்குள் நுழைந்தது. இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை இருப்பது குளியலறைக் கதவுக்கு எதிரே. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கூடத்தில் வீணை நன்றாகக் கேட்கிறதாம்.