கிளாரி வார்த்த வாத்து

பரணில் ஏறுவதற்கு முன்னால் டெஸ் நான்கிவெல் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். தூசி ஒட்டினால் நாள் முழுக்க வாய் நறநறவென்று இருக்குமாம். பிறகு ஏணியின் இரண்டாம் படியில் நின்று, "உள்ள யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, அப்புறம் தூசி உறிஞ்சுற குழாய்க்குள்ள போயிட்டோமேன்னு வருத்தப்படக் கூடாது" என்று பொக்கை வாயால் குழறுவார். வீட்டுக்காரர்கள் சிரித்தே ஆக வேண்டும். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார். சிரிப்பு வந்தபிறகுதான் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு தலையை உள்ளே நுழைப்பார்.

வளைகுடாவை ஒட்டி ஈயம் உருக்கும் ஊர் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக ஆலை விட்ட புகையெல்லாம் எங்கே போகும்? வீட்டுக்கு வீடு தகரக் கூரைக்கு அடியில் கறுத்த மாவாகப் படிந்து கிடக்கிறது. மச்சுப் பலகை விரிசல் விட்டால் நேரே கட்டிலில் கொட்டும். அந்த ஈயத் தூசி சின்னப் பிள்ளைகளின் வாய்க்குள் போனால் மூளையை மழுங்கடித்துவிடும். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடென்றால் டெஸ்ஸைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை இழுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துப் போவார். ஆலையில் உழைத்து ஓய்ந்த மனிதருக்கு இது தேவையா என்றால், "வீட்ல இருந்தா என் பொண்டாட்டி என்னையே உறிஞ்சி வெளிய போட்டுருவா" என்பார்.

பரணில் அகப்படாத பொருள் கிடையாது. செத்த எலி, உடைந்த கிரிக்கெட் மட்டை, யாருக்கோ பயந்து ஒளித்து வைத்த பீர் புட்டி. எப்போதாவது ஓர் ஈயப் பொம்மையும் கிடைக்கும். எங்கள் அப்பன்மார் சாப்பாட்டு டப்பாவில் ஈயத் துண்டுகளை மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓடுகள் இரண்டை எடுத்து, பள்ளம் குடைந்து, சேர்த்துக் கட்டி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். கிழங்கான் மீன் பிடிக்கத் தூண்டில் குண்டு அதில்தான் வார்ப்பது. மிச்சம் இருந்தால் பிள்ளைக்கு ஒரு குதிரை, ஒரு படகு.

அப்படிப்பட்ட பொம்மை கிடைத்தால் டெஸ் வேலையை நிறுத்திவிடுவார். ஒரு வெள்ளைத் தாளில் அதைத் தேய்ப்பார். பென்சில் போலக் கோடு விழுந்தால் வீட்டில் வார்த்தது. கடைப் பொம்மையில் வேறு ஏதேதோ கலந்து இறுகியிருக்கும், அவ்வளவு சுலபமாகக் கோடு விழாது. கணவாய் ஓட்டின் வரிகள் மெல்லிய அலைகளாகப் பொம்மையின் மேல் பதிந்திருக்கும். அதையும் அரம் ஓடிய தடத்தையும் பார்த்து ஆளையே சொல்லிவிடுவார். "இது பேக்கரிக்குப் பின்னால இருந்த ஜாக் ட்ரெகியா வேலை. மனுசன் குதிரைன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கான், பாவம்."

போன மாதம் அவர் சுத்தம் செய்யப் போனது தோரா பார்ட்லெட்டின் வீடு. தோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய கணவர் கிளாரியிடம்தான் டெஸ் இளவட்டமாக ஆலையில் வேலை கற்றுக்கொண்டார். கிளாரி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் டெஸ்ஸுக்குப் பழைய மரியாதை போகவில்லை. "பல்லே போயிருச்சு, இன்னும் என்னடா மிசஸ் பார்ட்லெட்" என்று தோரா கேட்டால், "பழகிருச்சு மிசஸ் பார்ட்லெட்" என்பார்.

தோராவுக்கு ஒரே மகன், ட்ரெவர். எழுத்துக்கூட்டத் தெரியாமலே வளர்ந்தான். நாற்பது வயதிலும் அம்மாதான் ஷூ நாடா கட்டிவிட வேண்டும். அவனும் இப்போது இல்லை. அவனை அப்படி ஆக்கியது தன் கைதான் என்று தோரா முடிவுகட்டிவிட்டார். எங்கள் ஊரில் ஆலைப் பக்கமிருந்து காற்று வந்தால் எந்தப் பெண்ணும் குழந்தைத் துணியை வெளியே காயப்போட மாட்டாள். தோரா சில நாள் பார்க்காமல் போட்டுவிட்டாராம். "அந்தத் துணியத்தான் சுத்திச் சுத்தி வளத்தேன்" என்று அழுவார். உயிரோடு இருந்தவரை கிளாரி, "விடு தோரா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அன்று டெஸ் பரணிலிருந்து இறங்கும்போது கையில் ஓர் ஈய வாத்து இருந்தது. அவர் மறைப்பதற்குள் தோரா பார்த்துவிட்டார்.

"என்னடா அது?"

"வாத்து."

"எங்களுக்கு முன்ன குடியிருந்தவங்களோடதா?"

தாளில் தேய்த்துப் பார்க்கத் தேவையே இல்லை. வரிகள் ஒரு பக்கம் நீளவாக்கில் ஓடின, மறுபக்கம் குறுக்கே. ஓடுகளை அப்படி மாற்றிப்போட்டு வார்த்தவர் ஊரிலேயே ஒருவர்தான். அவர் வார்த்துக் கொடுத்த தூண்டில் குண்டுகள் இன்னும் டெஸ்ஸின் பெட்டியில் கிடக்கின்றன. வாத்தின் தலை ஒரு குழந்தை சப்பிச் சப்பி நசுங்கி, சின்னச் சின்னப் பல் தடமாக இருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் கிளாரியின் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் கொடியில் காயப்போட்ட துணி இந்த அம்மாவின் கழுத்தைச் சாகும்வரை விடாது. டெஸ் முகமூடியைக் கீழே இறக்கினார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்ல மிசஸ் பார்ட்லெட். இது கிளாரியோட கை."

"எங்க இருந்துச்சு?"

"புகைபோக்கிக்குப் பின்னால. மேல பலகை வச்சு ஆணி அடிச்சிருந்துச்சு."

தோரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புள்ளைங்க எத வாயில வைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா வந்து கூட்டம் போட்டாங்களே, அந்த வாரந்தான் எலி ஓடுதுன்னு மேல ஏறினாரு. எனக்கு எலிச் சத்தம் எதுவும் கேக்கல." மச்சுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கப்புறமும் நான் துணியச் சொல்லிச் சொல்லி அழுதேன். கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு, டெஸ்."

"ஆசையாத்தான் செஞ்சிருப்பாரு. பல்லு முளைக்கிறப்ப கடிச்சா ஈறுக்குக் குளிர்ச்சியா இருக்கும்னு அப்ப எல்லா அப்பனும் குடுத்தாங்க. எங்கப்பாவும் எனக்கு ஒரு மீன் குடுத்தாரு."

"நீயும் சப்பினியா?"

"சப்பினேன்."

"எப்படி இருக்கும்?"

டெஸ் யோசித்தார். "லேசா இனிப்பா இருக்கும்."

"அப்ப அவனுக்குப் புடிச்சிருக்கும்" என்றார் தோரா.

வாத்தின் நசுங்கிய தலை தெரியாதபடி, டெஸ் அதைச் சுவரைப் பார்க்க மேசைமேல் வைத்தார். தோரா கையை நீட்டி அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.